அடியில் இருக்கும் எண்

ஒசாகாவிலிருந்து வந்த படத்தை
ஆள்காட்டி விரலால் தட்டிக் காட்டினார் அமலோற்பவம்.
“இது நான் இல்ல.”

கடலூர் முதுநகர், உப்பனாற்றை ஒட்டி
இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் மாடியறை.
கீழே ஐஸ் உடைக்கிற சத்தம்.
சிபியூவின் திருகாணிகளை
உப்புக்காற்று பாதி தின்றிருந்தது.
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வண்டியில்
ஸ்க்ரூ டிரைவரோடு போயிருந்தேன்.
தேவைப்படவில்லை.

மடல் முடிகிற இடத்தில்
தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் ஐந்து வரி.
இங்கே பார்த்தால் எல்லாம் சரி.
அங்கே, பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த உளறல்.
பாமினியில் அடித்த பெயர்,
பாமினி இல்லாத ஊரில்
வேறென்ன ஆகும்?

கம்பெனியின் இறால் படம்
வெறும் கட்டமாகப் போயிருந்தது.
எங்கிருந்து வருகிறதென்று தேடினேன்.
டி டிரைவில் ‘புதுசு’, அதற்குள் ‘புதுசு கடைசி’,
அதற்குள் ‘இதான்’.
இந்த மேசை டிராயரில் கைவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று
ஜப்பான்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது மடல்.

“பதில் போட்டா மட்டும் கலரே வர்றதில்லையே?”
வந்த மடல் வெறும் எழுத்தாக வந்தால்
போகிற மடலும்
துக்க வீட்டுக்குப் போகிறவர்போல்
நகையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகும்.
அதற்கொரு செட்டிங் இருக்கிறது. மாற்றினேன்.
படத்தை உள்ளேயே வைத்தேன்.
பெயரை யூனிகோடில் அடித்தேன்.
ற்-இல் புள்ளி விழுந்ததா என்று
குனிந்து பார்த்துக்கொண்டார்.

போன் நம்பர் கடைசி வரி.
நீலத்தில், அடிக்கோட்டோடு, அவருடையதுதான்.
சும்மா சுட்டியை அதன்மேல் நிறுத்தினேன்.
சின்னச் சீட்டு ஒன்று எட்டிப் பார்த்தது.
அதில் வேறு எண்.

மேலே இருப்பதை அழித்து எழுதினால்
அடியில் இருப்பது மாறாது, மேடம்.
போர்டுக்குப் பெயிண்ட் அடிச்சாலும்
மழையில் பழைய கடைப்பேரு தெரியுமே, அதுமாதிரி.

கண்ணாடியைக் கழற்றினார்.
“பாவாடைராயன் நம்பர்.
எனக்கு முன்னால இந்தச் சீட்டு அவருது.
ஒரு கன்டெய்னர் கெட்டுப்போச்சு.
யாராவது போகவேண்டியிருந்துச்சு.”
பிறகு, ஏசியைப் பார்த்தபடி,
“அந்த கோல்டு ஸ்டோரேஜ் ரிப்போர்ட்டை
டைப் அடிச்சது நான்தான்.”

பதினோரு மாதம்.
எண்ணைத் தொட்டவர்களெல்லாம்
அவரைத்தான் தொட்டிருக்கிறார்கள்.
“எனக்கு போன் வந்துக்கிட்டுத்தானே இருந்துது?”

சோதனைக்கு ஒரு மடலை என் மொபைலுக்கு அனுப்பி
எண்ணைத் தொட்டேன். ஸ்பீக்கரில் மணி போனது.
எங்கோ பஸ் கண்டக்டரின் விசில். பிறகு குரல்,
நாங்கள் வாயைத் திறப்பதற்குள்:

“அமலோற்பவம் மேடத்துக்குத்தானே? எழுதிக்குங்க.”
நிறுத்தி நிறுத்திப் பத்து இலக்கம்,
தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை.
“பதினோரு மணிக்கு மேல கூப்பிடுங்க.
அதுக்கு முன்ன ஏலத்துல இருப்பாங்க,
எடுக்க மாட்டாங்க.”

நாங்கள் பேசவில்லை.
ஹலோ, ஹலோ என்றார்.
டவர் இல்லபோல என்று
யாரிடமோ சொல்லிவிட்டு வைத்தார்.

காற்று திசை மாறி
சிப்காட் நாற்றம் உள்ளே வந்தது.
எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு
அங்கேயே நின்றார்.
என் கை சுட்டியில் இருந்தது.
வலது சொடுக்கு, இணைப்பைத் திருத்து.
பெட்டி திறந்து காத்திருந்தது.

“மாத்துங்க” என்றார்.
நான் அழிக்கத் தொடங்கியதும்
“இருங்க. அதுக்கு முன்ன அந்த நம்பரை
ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க.”

லேடிங் பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன்.
வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.
“நடுவுல இது ஆறா, பூஜ்யமா?”